ஃபின்லாந்து சண்டை விமானம் சிமுலேட்டரில் இல்லையா? மாற்றாக எதை எடுப்பது

இரண்டாம் உலகப் போரில் ஃபின்லாந்து பறக்கவிட்ட ப்ரூஸ்டர் பி-239 தங்கள் சிமுலேட்டரில் கிடைக்கவில்லை என்றதும் பலரும் அதே கம்பெனியின் பஃபலோவைத் தேடி எடுக்கிறார்கள். பார்வைக்கு அதே பீப்பாய் உடம்புதான், ஆனால் பறக்கும் விதம் வேறு. ஃபின்லாந்து வாங்கிய 44 ப்ரூஸ்டர்களும் விமானந்தாங்கிக் கப்பலுக்கான சாமான்கள் கழற்றப்பட்டவை. முழுச் சுமையோடு சுமார் 2,640 கிலோ. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பிரிட்டன் பறக்கவிட்ட பஃபலோ, கவசமும் கருவிகளும் ஏறி 3,000 கிலோவைத் தொட்டது. இரண்டுக்கும் இறக்கைப் பரப்பு ஒன்றே, 19.4 சதுர மீட்டர். ஒன்று ஃபின்லாந்து விமானிகளுக்கு 450-க்கும் மேற்பட்ட வெற்றிக் கணக்கைத் தந்தது. மற்றதை அதன் விமானிகளே சபித்தார்கள். எதிரியும் பயிற்சியும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முந்நூற்றுச் சொச்சம் கிலோவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே மாற்று தேடும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். மூன்று எண்கள் போதும். முதலாவது இறக்கைச் சுமை, அதாவது எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தது. திருப்பத்தை இதுதான் தீர்மானிக்கிறது. இரண்டாவது ஒரு கிலோவுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது. ஏற்றமும், திருப்பத்தில் இழந்த வேகத்தை மீட்பதும் இதைப் பொறுத்தவை. மூன்றாவது உச்ச வேகம். அதையும் தனியாகப் பார்க்கக் கூடாது, எதிரியின் வேகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் விமானம் அசலைவிட 40 கி.மீ. வேகமாக இருந்தாலும், எதிரிக்கும் அதே 40 கி.மீ. கூடிய விமானத்தைக் கொடுத்துவிட்டால் சண்டையின் சுவை மாறாது. பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்: தங்கள் விமானத்தை மாற்றுவார்கள், எதிரியை அப்படியே விட்டுவிடுவார்கள்.

துப்பாக்கி நான்காவது. முக்கியம்தான், ஆனால் மேலே சொன்ன மூன்றுக்கும் பிறகுதான்.

எந்த சிமுலேட்டரில் என்ன இருக்கிறது

பழைய ஐஎல்-2 1946 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. பி-239, மொரான் 406, 410, மோர்கோ மொரான், கர்டிஸ் ஹாக் 75, ஃபியட் ஜி.50, கிளாடியேட்டர், ஐ-153, ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2, ஜி-6 எல்லாம் அதிலேயே உண்டு. ஃபோக்கர் டி-21 டீம் டைடலோஸ் குழுவின் பேட்ச்களில் வந்து சேர்ந்தது. கடைசி பேட்ச் வரை ஏற்றிக்கொள்ளுங்கள். காட்சி பழசாகிவிட்டது, ஆனால் ஃபின்லாந்து வானப்போர் முழுவதையும் மாற்றே இல்லாமல் பறக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இணைய விளையாட்டான வார் தண்டரின் ஸ்வீடன் வரிசைக்குள் ஃபின்லாந்து விமானங்கள் கணிசமாக உண்டு, மிர்ஸ்கி உட்பட. ஆனால் எதிரே யார் வருவார் என்பதை மேட்ச்மேக்கிங் முடிவு செய்கிறது. ஃபின்லாந்து-சோவியத் எல்லைப் பகுதியான கரேலியாவின் சண்டையை அங்கே தேட வேண்டாம்.

உண்மையான இழுபறி ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸுக்கும் கிளிஃப்ஸ் ஆஃப் டோவருக்கும் இடையில்தான். முன்னதில் இடம் சரி: பனி, காடு, சோவியத் எதிரி எல்லாம் கிடைக்கும். ஆனால் ஃபின்லாந்து வாங்கிய விமானங்களில் மெஸ்ஸர்ஷ்மிட் மட்டுமே நேரடியாகப் பொருந்தும். பின்னதில், டோப்ரூக் விரிவாக்கமும் சேர்ந்தால், விமானங்கள் நெருக்கமாகப் பொருந்தும். வரைபடமோ ஆங்கிலக் கால்வாயும் வட ஆப்பிரிக்கப் பாலைவனமும். பாலைவனத்தின் மேல் கரேலியாவின் லடோகா ஏரியைக் கற்பனை செய்துகொள்ள எல்லோராலும் முடியாது.

ப்ரூஸ்டர்: மார்ட்லெட்டா, ஐ-16-ஆ, ஐஏஆர்-80-ஆ

முதலில் அசலின் எண்கள். 950 குதிரைத்திறன் சைக்ளோன் என்ஜின், கிலோவுக்கு 0.36. இறக்கைச் சுமை சதுர மீட்டருக்கு 136 கிலோ. வேகம் சுமார் 480 கி.மீ. துப்பாக்கி முதலில் மூன்று 12.7 மி.மீ.யும் ஒரு சிறியதும். பின்னர் நான்குமே 12.7.

கிளிஃப்ஸ் ஆஃப் டோவரின் மார்ட்லெட் 3-ஐ இங்கே யாரும் நினைப்பதில்லை. கிரம்மன் எஃப்4எஃப்-இன் பிரிட்டிஷ் வடிவம் அது. எடை சுமார் 3,100 கிலோ, இறக்கை 24.15 சதுர மீட்டர். ஆக இறக்கைச் சுமை 129 அளவில். என்ஜின் 1,200 குதிரைத்திறன்; கிலோவுக்கு 0.38. நான்கு 12.7 மி.மீ. துப்பாக்கிகள். எல்லா எண்களும் ப்ரூஸ்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்கக் கடற்படை ஒரே போட்டிக்காக வரவழைத்த இரண்டு விமானங்கள் இவை. எண்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. குறை என்றால் உருளல் சற்று மந்தம், இறக்கை நீளம். எரிபொருளை முழுதாக ஏற்றி, த்ராட்டிலை ஒரு விரல் அளவு குறைத்து வைத்தால் கிலோவுக்கான திறனும் அசலோடு ஒட்டிவிடும்.

எதிரிக்குத்தான் அங்கே திண்டாட்டம். சோவியத் ஐ-16 இல்லை. ஐ-153-க்கு இத்தாலியின் சி.ஆர்.42-ஐ நிறுத்தலாம், இரண்டும் இரட்டை இறக்கை, இரண்டும் மணிக்கு 430 கி.மீ.யை ஒட்டியவை. ஐ-16-க்கு ஜி.50. டி.பி-3 குண்டுவீச்சு விமானத்துக்கு பி.ஆர்.20 பொருந்துகிறது. ஹரிக்கேனுக்கு மாற்றே வேண்டாம். ப்ரூஸ்டர்கள் ஹரிக்கேன்களோடு நிஜமாகவே மோதின. 1942 ஜூன் 25-ல் லவுரி பெகுரி ஓட்டிய பி.டபிள்யூ-372 அப்படியொரு சண்டையில் அடிபட்டு ஏரியில் இறங்கியது. 1998-ல் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்கப்பட்டு, பழுதுபார்த்துப் பளபளப்பாக்காமல் அதே கோலத்திலேயே டிக்ககோஸ்கி விமானப்படை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கிரேட் பேட்டில்ஸில் பறந்தே தீருவேன் என்பவர்களுக்கு மூன்று வழி.

ஐ-16 டைப் 24 முதலில் கண்ணில் படும். குட்டை, உருண்டை, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த நட்சத்திர என்ஜின். அதன் எம்-63 என்ஜினும் சைக்ளோன் வம்சமே. இறக்கைச் சுமையும் 130-ஐ ஒட்டியது, ஏறக்குறைய சரி. கெடுப்பது எடை. 1,900 கிலோ உடம்புக்கு 1,100 குதிரைத்திறன், கிலோவுக்கு 0.58. ப்ரூஸ்டர் மூச்சு வாங்கி ஏறும் இடத்தில் இது எகிறிக் குதிக்கும். மூக்கும் நிற்காது, குறி வைத்து ஒரு விநாடி அழுத்துவதற்குள் ஆடிவிடும். நிலையான துப்பாக்கி மேடை என்பதே ப்ரூஸ்டரின் பெரிய பலம். அதைவிட மோசம், எதிரியும் ஐ-16 என்றால் கண்ணாடியோடு சண்டை போடுகிறீர்கள். ஐ-16-ஐ எதிரிக்கே விட்டுவிடுவது நல்லது.

பி-40ஈ கிலோவுக்கு 0.31 குதிரைத்திறன், இறக்கைச் சுமை 170-ஐத் தாண்டும். ப்ரூஸ்டரின் நல்ல குணம் ஒன்றுகூட இதில் இல்லை. தள்ளுங்கள்.

ருமேனியாவின் ஐஏஆர்-80 மிச்சம். கிலோவுக்கு 0.38, வேகம் 510 கி.மீ. அளவு, நட்சத்திர என்ஜின் மூக்கு, நிலையான பறப்பு. இறக்கைச் சுமைதான் 170. திருப்பத்தில் ப்ரூஸ்டரைவிடக் கனமாக இருக்கும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. எரிபொருளை 40 சதவீதத்துக்குக் குறையுங்கள். சுமார் 450 லிட்டர் தொட்டி. 270 லிட்டர் குறைந்தால் ஏறக்குறைய 195 கிலோ கழியும், இறக்கைச் சுமை 158-க்கு இறங்கும். அரை மணி நேரச் சண்டைக்கு மிச்சம் போதும். 80-ஏ வகையின் ஆறு துப்பாக்கிகளும் 7.92 மி.மீ.; பெரிய குண்டுவீச்சு விமானத்தை விழுத்த நேரம் பிடிக்கும். 13.2 மி.மீ. துப்பாக்கி கொண்ட 80-பி வகை கையில் இருந்தால் அதையே எடுங்கள். குண்டுகள் குவியும் தூரத்தை 150 மீட்டருக்குள் வையுங்கள். கிட்டத்தில் போய்ச் சுடுவதுதான் ஃபின்லாந்துக்காரர்களின் பழக்கமும்.

எங்கள் தீர்ப்பு: விமானத்தின் உணர்வு வேண்டுமென்றால் மார்ட்லெட், சூழல் வேண்டுமென்றால் எரிபொருள் குறைத்த ஐஏஆர்-80.

மொரானும் பூச்சாண்டி மொரானும்

பொருத்தத்தில் மிகவும் திருப்தி தருவது இந்த இடம்தான். மோர்கோ என்றால் ஃபின்னிய மொழியில் பூச்சாண்டி. பிரெஞ்சு மொரான் 406-இன் ஹிஸ்பானோ என்ஜினை எடுத்துவிட்டு, ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த சோவியத் கிளிமோவ் எம்-105பி என்ஜினைப் பொருத்தினார்கள். அது பெரிய தச்சு வேலையில்லாமல் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு: கிளிமோவே ஹிஸ்பானோ 12ஒய் உரிமத்தில் பிறந்து வளர்ந்த என்ஜின். முதல் விமானம் 1943-ல் பறந்தது. கடைசியில் 41 விமானங்கள் மாற்றப்பட்டன. 1944 செப்டம்பர் போர்நிறுத்தத்துக்குள் படைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதற்கு கிரேட் பேட்டில்ஸில் மாற்று யாக்-1 சீரிஸ் 69. கணக்கைப் பாருங்கள். மோர்கோவின் இறக்கை 17.1 சதுர மீட்டர், யாக்குக்கு 17.15. மோர்கோ எடை சுமார் 2,850 கிலோ, யாக் சுமார் 2,900. மோர்கோவில் மூக்கு வழியாகச் சுடும் ஒரு பீரங்கியும் இறக்கையில் இரண்டு 7.5 மி.மீ. துப்பாக்கிகளும், யாக்கில் மூக்கு வழியாக 20 மி.மீ. பீரங்கியும் இரண்டு 7.62-ம். எதிரியின் விமானத்தையே எடுத்துக்கொள்வது ஒரு மாதிரி இருக்கலாம். எண்கள் சொல்வதோ இது ஒன்றுவிட்ட தம்பி என்று.

ஒரே வித்தியாசம், யாக்கில் இருப்பது எம்-105பிஎஃப். இது அதே என்ஜினில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது சிலிண்டர்களுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை, கூட்ட அனுமதித்த வகை: பி-க்கு 910 மி.மீ. பாதரசம், பிஎஃப்-க்கு 1,050. எனவே த்ராட்டிலை 910-இல் நிறுத்திவிட்டால் உங்கள் கையில் இருப்பது கிட்டத்தட்ட எம்-105பி. காற்று மெலிந்த உயரத்தில், அதாவது நாலாயிரம் மீட்டருக்கு மேல், இந்தக் கட்டுப்பாடே தேவைப்படாது; அங்கே பிஎஃப்-ஆல் தானாகவே அதற்கு மேல் ஏற்ற முடியாது. த்ராட்டில் கைப்பிடியில் 910-க்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. சண்டைச் சூட்டில் கருவிப்பலகையைப் பார்க்க நேரம் இருக்காது என்பதால் இது நல்ல பழக்கமே.

அப்போதும் யாக் கொஞ்சம் வேகமாகவே ஓடும். உடம்பு வழுவழுப்பு அப்படி. மோர்கோவின் உச்சம் 525 கி.மீ. ரேடியேட்டர் மடிப்புகளைத் தேவைக்கு மேல் திறந்து வைத்தால் காற்றுத் தடை கூடி வேகம் இறங்கும். என்ஜின் மிகையாகக் குளிர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பனிக்கால வரைபடத்தில் முக்கியமாக.

சோவியத் லாக்-3 சீரிஸ் 29 இரண்டாம் இடம். அதே என்ஜின் குடும்பம். எடை 3,100 கிலோவைத் தாண்டுவதால் திருப்பம் கனம். ஃபின்லாந்து லாக்-3-ஐயே பறக்கவிட விரும்பினால் அதற்கு மாற்று தேவையில்லை. கைப்பற்றிய மூன்று லாக்-3-களை 32-ஆம் படைப்பிரிவு பறக்கவிட்டிருக்கிறது.

சாதாரண மொரான் 406 வேறு கதை. 860 குதிரைத்திறன், கிலோவுக்கு 0.34, வேகம் 486 கி.மீ. கிளிஃப்ஸில் இருக்கும் டெவாய்டின் டி.520 இதற்கு உறவுக்காரன்: அதே ஹிஸ்பானோ வம்ச என்ஜின், அதே மூக்குப் பீரங்கி, கிலோவுக்கு 0.35. ஆனால் உடம்பு நேர்த்தி கூடியதால் 534 கி.மீ. வரை போகும், இறக்கைச் சுமையும் 167, மொரானுக்கு 146. எதிரியை விட்டுவிட்டு ஓட டி.520-ஆல் முடியும், மொரானால் முடியாது. அந்தச் சலுகையை நீங்களே உங்களுக்கு மறுத்துக்கொள்ள வேண்டும். கிரேட் பேட்டில்ஸில் என்றால் மறுபடியும் யாக்-1-தான், அழுத்தம் 750 மி.மீ.யை ஒட்டி, இது நுட்பமான கணக்கல்ல, குதிரைத்திறன் அழுத்தத்தோடு ஏறக்குறைய நேர் விகிதத்தில் குறையும் என்ற தோராயம். மொரானின் பீரங்கி அறுபது குண்டு கொண்ட உருளைப் பெட்டியோடு பறந்தது. எனவே யாக்கின் பீரங்கியைப் பாதிக்கு மேல் காலி செய்ததும் வீடு திரும்புங்கள்.

கர்டிஸ் ஹாக் 75: ஒரே இறக்கை, வேறு விமானம்

ஜெர்மனி பிடித்த கிடங்குகளிலிருந்து ஃபின்லாந்து வாங்கியவை 44. இதற்கு பி-40 என்று எல்லோரும் சொல்வார்கள், வம்சாவளிப்படி சரிதான். முதல் எக்ஸ்பி-40, பி-36 உடம்பில் ஆலிசன் என்ஜின் பொருத்திச் செய்ததே. இறக்கைப் பரப்பும் இரண்டுக்கும் ஒன்றே, 21.9 சதுர மீட்டர். கோளாறும் அங்கேதான். அதே இறக்கை ஹாக்கில் 2,600 கிலோவைச் சுமக்கிறது, பி-40ஈ-இல் 3,750 கிலோவை. இறக்கைச் சுமை 119 எங்கே, 171 எங்கே. கிலோவுக்குக் குதிரைத்திறன் 0.40-இலிருந்து 0.31-க்கு விழுகிறது. திரும்பித் திரும்பிச் சண்டை போட்ட விமானத்துக்குப் பதிலாக, டைவ் அடித்து ஓட வேண்டிய விமானம் கிடைக்கிறது.

எரிபொருள் குறைத்தாலும் ஆயிரம் கிலோவுக்கு மேலான வித்தியாசத்தை எங்கே ஒளிப்பது? கிளிஃப்ஸின் டோமாஹாக் ஓரளவு இலகு. ஆனாலும் கிட்ட வராது. இங்கேயும் மார்ட்லெட் 3 முந்துகிறது: கிலோவுக்கு 0.38, இறக்கைச் சுமை 129, அதோடு ஹாக்கின் ட்வின் வாஸ்ப் குடும்ப என்ஜினே அதிலும். ப்ரூஸ்டருக்கும் ஹாக்குக்கும் ஒரே மாற்று என்றால் சலிப்புத் தட்டும். விமானத்தின் வண்ணப்பூச்சான ஸ்கின்னை மாற்றிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

ஃபோக்கர் டி-21

சோவியத்தோடு ஃபின்லாந்து நடத்திய 1939–40 குளிர்காலப் போரின் முதுகெலும்பு இது. 1940 ஜனவரி 6-ல் யோர்மா சர்வான்டோ நான்கு நிமிடத்தில் ஆறு டி.பி-3-களை வீழ்த்தியது இதில்தான். மாற்றுத் தேடும்போது படுத்தி எடுப்பதும் இதுவே. மடங்காத சக்கரம், 840 குதிரைத்திறன் மெர்குரி என்ஜின், சுமார் 2,050 கிலோ, இறக்கைச் சுமை 126, நான்கு ரைஃபிள் அளவுத் துப்பாக்கி. இத்தனையும் சேர்ந்த ஒற்றை இறக்கை விமானம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

கிளாடியேட்டர் 2-இல் அதே மெர்குரி, அதே நான்கு துப்பாக்கி. ஆனால் இரட்டை இறக்கை. ஐ-16-ஐ அது சுற்றிச் சுற்றி ஏமாற்றும். ஃபோக்கரால் அது முடியாது; சண்டை விமானங்களோடு சுழன்று போராடாமல் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கு, நெருக்கினால் டைவ் அடி என்பதே ஃபோக்கர் விமானிகளின் பாடம். கிளாடியேட்டர் எடுத்தால் நேர் எதிரான பாடம் கற்றுக்கொள்வீர்கள். ஆகவே ஃபியட் ஜி.50. வேகம் 470, ஃபோக்கருக்கு 460. இறக்கைச் சுமை 132. கிலோவுக்கு 0.36, அசலின் 0.41-க்குக் கீழே, ஏற்றம் சற்று சுணங்கும். இரண்டு 12.7 துப்பாக்கி என்பது வேறு தாளம்; மொத்த அடிபலம் ஏறக்குறைய சமன்.

ஐ-16-ஐ எடுத்துச் சக்கரத்தைக் கீழே இறக்கியபடியே பறப்பது என்றொரு குறுக்குவழி உண்டு. தடை கூடும், வேகம் குறையும், பார்வைக்கும் ஃபோக்கர் மாதிரி. டைவ் அடித்ததும் சக்கரம் பிய்ந்து போகும் அபாயம் உண்டு. டைவ்தான் ஃபோக்கரின் உயிர் என்பதால் இது வேலைக்காகாது. உண்மையான ஐ-16-இல் அந்தச் சக்கரத்தைத் தூக்க 44 முறை கைப்பிடி சுற்ற வேண்டும் என்பது உபரித் தகவல். டிசிஎஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரின் ஐ-16-இல் அந்தச் சுற்றலை நீங்களும் அனுபவிக்கலாம்.

குளிர்காலப் போரையே பறக்க வேண்டுமென்றால், நேராக ஐஎல்-2 1946-க்குப் போய்விடுங்கள். ஃபோக்கருக்காக மட்டுமே அதை நிறுவி வைத்திருப்பது தகும்.

சட்டென்று முடியும் சில

ஃபியட் ஜி.50 கிளிஃப்ஸில் நேரடியாக உண்டு. ஹரிக்கேன் மார்க் 1-ம் கிளிஃப்ஸில் உண்டு. கிரேட் பேட்டில்ஸின் மார்க் 2-ஐ எடுத்தால் மெர்லின் 20 என்ஜின் உயரத்தில் தரும் கூடுதல் மூச்சைப் பயன்படுத்தாமல் தாழ்வாகப் பறக்க வேண்டும், பீரங்கி மாற்றங்களைத் தொடக் கூடாது. கிளாடியேட்டர் கிளிஃப்ஸிலும் ஐஎல்-2 1946-இலும்.

மிர்ஸ்கி 2, ஃபின்லாந்தே கட்டியது: 1,065 குதிரைத்திறன், சுமார் 535 கி.மீ., 18 சதுர மீட்டர் இறக்கை, நான்கு 12.7. ஐஏஆர்-80 இதற்கு ப்ரூஸ்டரைவிட நன்றாகவே பொருந்தும். எரிபொருளைக் குறைக்கவும் வேண்டாம். ஒட்டுப்பலகை உடம்பின் பசை ஈரத்தில் விட்டுப்போன துன்பத்தை மட்டும் எந்த சிமுலேட்டரும் தராது.

மெஸ்ஸர்ஷ்மிட்: இருக்கிறது என்பதாலேயே தப்பு செய்வது

ஃபின்லாந்துக்காரர் மெர்சு என்று அழைத்த 109 ஜி-2 1943-இலிருந்தும், ஜி-6 அதைத் தொடர்ந்தும் வந்தன. கிரேட் பேட்டில்ஸில் இரண்டும் உள்ளன. ஜி-2-இல் மேனிஃபோல்ட் அழுத்தம் 1.3 அட்டா (ஜெர்மன் அழுத்த அலகு) வரைதான், அதுவே சரி. ஜி-6 எடுக்கும்போது சாதாரண வகையே போதும். ஜி-14-ம் கே-4-ம் ஃபின்லாந்துக்கு வரவேயில்லை. இறக்கைக்குக் கீழே தொங்கும் பீரங்கிப் பெட்டிகளை மாற்றப் பட்டியலில் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்படி வந்தவற்றிலும் ஃபின்லாந்து மெக்கானிக்குகள் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். இலகுவான 109-தான் அவர்களுக்குப் பிடித்தது.

டிசிஎஸ்ஸில் கே-4 மட்டுமே. அதை ஜி-6-ஆக நடிக்க வைக்க வேண்டுமென்றால், மிஷன் எடிட்டரில் எம்டபிள்யூ-50 தொட்டியை (திறனைக் கூட்டும் தண்ணீர்-மெத்தனால் கலவை) காலியாக வையுங்கள், த்ராட்டிலை 1.3 அட்டாவில் நிறுத்துங்கள், அவசரத்துக்கு மட்டும் 1.4. மூவாயிரம் மீட்டருக்குக் கீழே ஓரளவு ஒப்பேறும். அதற்கு மேல் கே-4-இன் பெரிய சூப்பர்சார்ஜர் காட்டிக்கொடுத்துவிடும். துப்பாக்கியோ தேறாது. ஜி-6-இன் 20 மி.மீ. பீரங்கியில் 200 குண்டு, நேரான பாதை. கே-4-இன் 30 மி.மீ.யில் 65 குண்டு, மந்தமான வேகம், வளைந்த பாதை. கே-4-இல் குறி பழகினால் ஜி-6-இல் எல்லாம் எதிரிக்கு மேலே போகும்.

ஜெட் காலம்

ஃபின்லாந்து 57 எஃப்-18சி-யும் 7 டி-யும் வாங்கியது. டிசிஎஸ் ஹார்னெட்டுக்கும் ஃபின்லாந்து ஹார்னெட்டுக்கும் என்ஜின் ஒன்றே, எஃப்404-402. சரிசெய்ய வேண்டியது ஆயுதப் பட்டியல். 2010-களின் தொடக்கம் வரையான காலம் என்றால் வானிலிருந்து வானுக்கான ஏவுகணையும் துப்பாக்கியும் மட்டும். அவை தரைத் தாக்குதல் விமானங்களாகவே இருக்கவில்லை. இரண்டாம் மேம்படுத்தலுக்குப் பிறகு தரை இலக்குகளுக்கான ஜேடாம், ஜேஸோ, ஜாஸ்எம். டிசிஎஸ் ஹார்னெட்டில் ஜாஸ்எம் இல்லை. ஸ்லாம்-ஈஆர் வைத்துக்கொள்ளலாம், தூரம் குறைவு என்ற நினைவோடு. ஹார்பூன், ஹார்ம் இரண்டும் வேண்டாம். குறிகாட்டிப் பெட்டி லைட்டனிங். கோலா வரைபடத்தில் ரோவனியெமி தளமே உள்ளது. விமானந்தாங்கிக் கப்பலை மறந்துவிடுங்கள்.

மிக்-21பிஸ் டிசிஎஸ்ஸில் நேரடியாக உண்டு. ஃபின்லாந்து அதை 1998 வரை பறக்கவிட்டது. அதன் பட்டியலில் உள்ள அணுகுண்டுகளை ஹெல்சிங்கி ஒருபோதும் கேட்டதில்லை.

சாப் டிராக்கனுக்கு விக்கன் என்று கை போகும், இரண்டும் ஸ்வீடன் என்பதால். விக்கனோ தரைத் தாக்குதலுக்கான வகை. எடைக்கேற்ற உந்துவிசையில் மிராஜ் எஃப்1 நெருக்கம். இடைமறிக்கும் வேலைக்கு அதையே எடுங்கள். டிராக்கனின் இரட்டை டெல்டா இறக்கைத் திருப்பம் கிடைக்காது. மூக்கைத் தூக்கினால் வேகம் கரைந்து போகும் அந்தக் குணமும் கிடைக்காது.

மிஷன் கட்டும்போது எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல் உங்கள் கூட்டாளிகள். 910 மி.மீ. என்ற விரதம் உங்களுக்குத்தான். கணினி ஓட்டும் யாக் முழு 1,050-ஐயும் இழுக்கும். நீங்கள் இரண்டாம் விமானமாகப் பறந்தால் தலைவன் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவான். எப்போதும் நீங்களே தலைமை ஏற்றால், உங்களோடு அணியில் வரும்வரை அவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். சண்டை தொடங்கியதும் எகிறுவார்கள்; அதைத் தணிக்க அவர்களுக்கு மட்டும் எரிபொருளை முழுதாக ஏற்றுங்கள், உங்களுக்குப் பாதி. ஐஏஆர்-80-இல் இது தலைகீழ்: அங்கே எல்லோருக்கும் 40 சதவீதம் வைக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டாளிகள் திருப்பத்தில் அடிபட்டு விழுவார்கள்.

இரண்டாவது, நாடு. கிரேட் பேட்டில்ஸின் எடிட்டரில் ஒவ்வொரு யாக்குக்கும் நாட்டை ஜெர்மனி என்று மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அந்த ஒன்று புறப்பட்டதும் உங்களைச் சுடும். உங்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வகையைப் பார்ப்பதில்லை, நாட்டைத்தான் பார்க்கின்றன. மனிதர்களோ நேர்மாறு. நண்பர்களோடு பெயர்ப்பட்டை இல்லாமல் பறந்தால் யாக்கை யாக் என்றே பார்த்துச் சுடுவார்கள். மஞ்சள் உடற்பட்டையும் இறக்கை முனைக்கு அடியில் மஞ்சளும் இருக்கும் ஸ்கின் போடுங்கள். ஜெர்மன் தரப்பு விமானங்களை அடையாளம் காண அன்று வைத்த முறையே அது. இன்றும் அதே வேலையைச் செய்கிறது. அந்த ஸ்கின் கோப்பு எல்லோர் கணினியிலும் இருக்க வேண்டும். இல்லாதவருக்கு நீங்கள் சிவப்பு நட்சத்திரத்தோடுதான் தெரிவீர்கள்.

நீல ஸ்வஸ்திகா சின்னம் 1918 முதல் 1945 வரை ஃபின்லாந்து விமானப்படையின் அடையாளம். அது உள்ள ஸ்கின்களைச் சில சர்வர்கள் அனுமதிப்பதில்லை. இல்லாத பிரதி ஒன்றையும் வைத்திருங்கள். பொது சர்வர்களில் எந்தத் தரப்புக்கு எந்த விமானம் என்பதை நடத்துபவரே வகுத்துவிடுவார். அங்கே யாக் மோர்கோவாக முடியாது, ஜி-2-உம் ஜி-6-உம்தான் வழி.

வரைபடத்துக்கு வெலிகியே லூகி குளிர்காலம்: காடும் ஏரியும் உண்டு, கரேலியாவுக்கு இதைவிட அருகில் பழைய வரைபடங்களில் வேறில்லை. 1942 ப்ரூஸ்டர் சண்டைக்கு எதிரே நான்கு ஐ-16, இரண்டு மிக்-3, இரண்டு ஹரிக்கேன் மார்க் 2; நம் பக்கம் நான்கே, இரண்டிரண்டாக, அகலமாக விரித்து, ஒரு ஜோடி 500 மீட்டர் மேலே. பறப்பு உயரம் 2,000-இலிருந்து 4,000 மீட்டர். லா-5-ஐச் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் ஐஏஆர்-80 தப்பிக்கவும் முடியாது, துரத்தவும் முடியாது.